காணிப்பாக்கத்துச் சத்தியமும் கால் எட்டாத வண்டியும்

காணிப்பாக்கத்துப் பிள்ளையாரின் அதிகாரம் தார் ரோடு முடிகிற இடத்தோடு முடிந்துவிடுகிறது என்று நான் நம்பினேன். ஐம்பத்தொரு வயது ஆள், நகரியில் கடை போட்டு ஊரார் பம்ப்செட் மோட்டாருக்கெல்லாம் செப்புக் கம்பியில் காயில் கட்டிக் கொடுக்கிறவன், இப்படி ஒன்றை நம்பினான் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அன்று மத்தியானம் நாகலாபுரத்து மலையடியில், ஒரு காலில் மட்டும் ஷூவும் தொடை வரைக்கும் ஈரமுமாக நின்றபோது, எனக்கு அது மிகவும் நியாயமான சட்டமாகப் பட்டது. போலீஸ் ஸ்டேஷனுக்கு எல்லை இருக்கிறது. கரண்ட் ஆபீசுக்கு எல்லை இருக்கிறது. பிள்ளையாருக்கு மட்டும் இருக்காதா?

முதலில் சத்தியத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பக்கத்தில் யார் வண்டி எடுத்தாலும், அது டிராக்டரோ மொபெட்டோ, காணிப்பாக்கம் கொண்டுபோய்ப் பூஜை போட்ட பிறகுதான் வீட்டு வாசலுக்கு வரும். என்னுடையது புதுசுகூட இல்லை. திருப்பதியில் ஒரு கம்ப்யூட்டர்காரர் இரண்டு வருடம் ஓட்டி அலுத்துப்போய் விற்றது. மலையேறுவதற்கென்றே செய்த வண்டி. நீல டேங்க், கொக்கு மூக்கு மாதிரி முன்னால் நீண்ட மட்கார்டு, பின்னால் இரண்டு பக்கமும் பெட்டி மாட்ட இரும்புக் கம்பி, பரண் மாதிரி உயரத்தில் சீட்டு. செல்போனில் பனிமலைகளில் ஆறு தாண்டுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஆசை வந்துவிட்டது. அவர்கள் எல்லோரும் ஆறடி ஆட்கள் என்பதை வீடியோவில் யாரும் சொல்லவில்லை. நான் ஏறி உட்கார்ந்தால் இரண்டு கட்டைவிரல்கள் மட்டும் தரையை விசாரித்துவிட்டு வரும்.

காணிப்பாக்கத்தில் பூஜையைத் தவிர இன்னொன்றும் உண்டு. திருட்டுப் பழியோ, குடியோ, பங்காளித் தகராறோ, குளத்தில் முழுகி ஈரத்துணியோடு பிள்ளையார் முன்னால் நின்று சத்தியம் செய்துவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. பொய்ச் சத்தியம் செய்தவனை அவர் சும்மா விடமாட்டார் என்று சித்தூர் ஜில்லாவே நம்புகிறது. நீதிபதிக்கு முன்னால் கண் சிமிட்டாமல் புளுகுகிறவனைக்கூட, "வா, காணிப்பாக்கம் போலாம்" என்று கூப்பிட்டால் போதும், முகம் வெளுத்துவிடும்.

வண்டிச் சக்கரம் எலுமிச்சம்பழத்தை நசுக்கியது. கற்பூரம் அணைந்தது. நான் சாவியை எடுத்தேன். என் மனைவி என் தோளில் ஒரு துண்டைப் போட்டாள்.

"போய்க் குளத்துல முழுவிட்டு வாய்யா."

"அதான் பூஜ முடிஞ்சிதே?"

"வண்டிக்கு முடிஞ்சிது. ஒனக்கு இன்னும் கீது."

ஈரம் சொட்டச் சொட்ட நின்றேன். சத்தியத்தை அவள் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன். வண்டியிலிருந்து விழுந்தால் அன்றைக்கே அவளிடம் வந்து நடந்தது நடந்தபடி சொல்ல வேண்டும். விழுந்துவிட்டால், வண்டி பலமனேரில் இருக்கும் அவள் அண்ணனுக்கு.

இது அநியாயம் என்று சொல்ல எனக்கு வாயில்லை. இதற்கு முன் மொபெட்டில் வாய்க்காலுக்குள் இறங்கியதை, வாயுப்பிடிப்பு என்று மூன்று வாரம் தைலம் தேய்க்க வைத்தவன் நான்.

"உழுறது தப்புன்னு சொல்லல," என்றாள் வெளியே வந்ததும். "இந்தக் கை ஒடிஞ்சா காயில் கட்றது யாரு? நானா? ஒரு தடவ உழுந்தாலே எனக்குத் தெரியணும்."

அவள் அண்ணன் அன்று எங்களோடு வந்திருந்தார். மாடு வாங்க வந்தவர் மாதிரி வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றினார். பின்னால் இருந்த இரும்புக் கம்பியைச் சாண் வைத்து அளந்தார்.

"பால் கேன் ஜம்முனு ஒக்காரும் மாப்ள," என்றார்.

அன்றிலிருந்து எனக்குப் பள்ளத்தைவிடப் பால் கேனைப் பார்த்தால்தான் பயம்.

இரண்டு மாதம் விழாமல் ஓட்டினேன். கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள ஒன்றரை கிலோமீட்டரில் விழுவதற்கு என்ன இருக்கிறது? பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பள்ளிக்கூடத்துச் சிநேகிதன் வந்து கெடுத்தான். திருமலை மலைப்பாதையில் வருடக்கணக்காக பஸ் ஓட்டுகிறவன். உலகத்தில் உள்ள எல்லா வளைவுகளையும் அவன் கைக்குட்டை மாதிரி மடித்துப் பையில் வைத்திருப்பதாக நினைப்பு.

"ஏன்டா, மல வண்டி வாங்கிக்கினு அதுல கொத்தமல்லி வாங்கப் போய்க்கினு கீற? நாகலாபுரத்துக்கு அந்தாண்ட மலையடியில ஆட்டுக்காரங்க தடம் கீது. ஓடை வரிக்கும் போயி, சோறு துன்னுட்டு வந்துடலாம்."

நான் முழங்கால் கவசம், முழங்கைக் கவசம், தலைக்கவசம், கையுறை எல்லாம் மாட்டிக்கொண்டேன். அவன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ரப்பர் செருப்போடு தன் பழைய நூறு சி.சி. வண்டியில் ஏறினான். பிச்சாட்டூரில் டீ குடிக்க நிறுத்தியபோது கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாம் ஸ்க்வாடா?" என்று தெலுங்கில் அவனிடம் கேட்டார்.

தடம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. சரளைக் கல், காய்ந்த ஓடை மணல், இரண்டு பக்கமும் முள். வீடியோவில் பார்த்தபடி எழுந்து நின்று ஓட்டினேன். பாட்டுக்கூட வந்தது. டேங்க் மேல் கட்டியிருந்த பையில் மனைவி கொடுத்த மோர் பாட்டில் தாளம் போட்டுக்கொண்டே வந்தது. இந்த மலைக்கே நான்தான் சொந்தக்காரன் என்ற எண்ணம் வந்த இடத்தில் இறக்கம் வந்தது.

பின்னால் நடந்து பார்த்தபோது அது எங்கள் வீட்டு மாடிப்படி அளவுக்குத்தான் சரிவு. வண்டி மேலிருந்து பார்த்தபோது கிணறு. இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். வண்டி நின்றது. நானும் நின்றேன், கட்டைவிரல்களில். முன்னால் போக தைரியம் இல்லை, பின்னால் போக வண்டியில் வசதி இல்லை. என் சிநேகிதன் அதற்குள் கீழே போய்ப் பீடி பற்ற வைத்துவிட்டான்.

"வாடா!"

"வந்துக்கினு கீறேன்!"

"எங்க வந்துக்கினு கீற? அஞ்சு நிமிசமா அதே கல்லு மேல கீற!"

"யோசிச்சிக்கினு கீறேன்டா!"

"பிரேக்க உடு. தானா எறங்கும்."

விரல்களுக்கு உத்தரவு போட்டேன். அவை கேட்கவில்லை. கண்ணை மூடினால் பலமனேர் தெரிந்தது. பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் வேண்டிக்கொண்டேன். பிறகு அதை யார் சுமப்பது என்று யோசித்து ஐம்பத்துநாலாகக் குறைத்தேன். உயிர் போகிற நேரத்திலும் பேரம் பேசுகிற புத்தி எனக்கு மட்டும்தான் இருக்கும்.

அப்போது பின்னாலிருந்து ஆடுகள் வந்தன. என்னை ஒரு பாறையாக நினைத்து இரண்டாகப் பிரிந்து இரண்டு பக்கமும் இறங்கிப் போயின. குட்டிகள் துள்ளிக்கொண்டே போயின. கடைசியில் கோலோடு ஒரு அம்மா வந்தாள். என் வயதுதான் இருக்கும்.

"இன்னா நைனா, போட்டோவுக்கு நிக்கிறியா?"

"இல்லக்கா, இறங்கப் போறேன்."

"அப்ப எறங்கு. என் கெடா ஒண்ணு பின்னால நின்னுக்கினு கீது, வழி உடு."

கிடாவுக்கு மரியாதை கொடுப்பதற்காக இடது காலைக் கொஞ்சம் அகட்டி வைக்கப் பார்த்தேன். இடது பக்கத்தில் தரை ஒரு முழம் கீழே இருந்தது. என் கால் தரையைத் தேடிப் போனது, போய்க்கொண்டே இருந்தது. வண்டி சாய ஆரம்பித்தது. அவசரமே இல்லாமல், கல்யாண வீட்டில் சாப்பிட்டு முடித்த பெரிய மனிதர் நாற்காலியில் தூங்கிச் சரிகிற மாதிரி. அந்த நேரத்தில் நான் தமிழில் கத்தினேன், தெலுங்கில் கத்தினேன், எனக்குத் தெரியாத இந்தியிலும் ஏதோ சொன்னேன் என்று பிறகு சொன்னார்கள். முள்ளுப் புதரில் நான் விழுந்தேன். என் மேல் வண்டி படுத்துக்கொண்டது.

தொடையில் சூடாக ஏதோ வழிந்தது.

"ரத்தம்!" என்று அலறினேன். தலைக்கவசத்துக்குள் என் குரலே என் காதை அடைத்தது. "டேய், கால் போச்சுடா! நான் பாக்க மாட்டேன், நீ பாத்துச் சொல்லு!"

அவன் ஓடி வந்தான். குனிந்து பார்த்தான். பீடியை வாயிலிருந்து எடுத்தான்.

"ரொம்பவா?" என்றேன்.

"வெள்ளையா வருதுடா."

"ஐயோ, எலும்பா?"

ஆட்டுக்கார அம்மா விரலால் தொட்டு மோந்து பார்த்தாள்.

"எலும்புல பெருங்காயம் போட்டுக் கீறாங்க," என்றாள்.

காலையிலிருந்து சூடான டேங்க் மேல் கிடந்த மோர். பாட்டில் உடைந்து முழுதும் என் மேல் கொட்டியிருந்தது. அவர்கள் இருவரும் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து முடிக்கும் வரை நான் வண்டிக்குக் கீழேதான் இருந்தேன்.

அப்புறம் அந்த அம்மாதான், "ஒக்கட்டி, ரெண்டு, மூடு" என்று தெலுங்கில் எண்ணி வண்டியைத் தூக்க வைத்தாள். ஷூ ஒன்று மட்கார்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. எனக்குப் பட்டதெல்லாம் முழங்கையில் நாலு முள். வண்டிக்குத்தான் சேதாரம்: இடது கண்ணாடி உடைந்து, கிளட்ச் லீவர் வளைந்து, நீல டேங்கில் ஒரு சாண் நீளத்துக்குக் கோடு.

ஓடைக்கரையில் உட்கார்ந்தோம். சோறு இறங்கவில்லை. சத்தியத்தைப் பற்றி அவனிடம் சொன்னேன். அவன் ஊறுகாயை நக்கிக்கொண்டே கேட்டான்.

"சத்தியம் பண்ணது எங்க?"

"காணிப்பாக்கத்துல."

"பஸ்ல போனா எவ்ளோ நேரம்?"

"ரெண்டு பஸ் மாறணும்."

"அப்பறம் இன்னா? இது வேற டிப்போடா. அவரு ரூட்டு தார் ரோடு. காட்டுல நடக்கறதெல்லாம் முனீஸ்வரன் பாத்துக்குவாரு. அவருகிட்ட நீ ஒண்ணும் சத்தியம் பண்ணலியே?"

இதைவிடத் தெளிவாக எந்த வக்கீலும் பேசியிருக்க முடியாது. எனக்குச் சோறு இறங்கியது.

தார் ரோட்டில் ஏறிய நிமிடத்தில் என் நிம்மதி போயிற்று. முன்னால் ஒரு வைக்கோல் லாரி. பின்பக்கம் முழுக்கப் பிள்ளையார் படம், கதவை நிறைத்து, என்னையே பார்த்துக்கொண்டு. முந்தலாம் என்றால் எதிரில் வண்டி வந்துகொண்டே இருந்தது. பத்துக் கிலோமீட்டர் அவர் முகத்தைப் பார்த்தபடி வந்தேன். லாரி திரும்பிப் போனதும் ஒரு பெருச்சாளி ரோட்டைத் தாண்டியது. வாகனத்தை அனுப்பிவிட்டார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அடுத்தது என்ஜின் நிற்கும், பிறகு நான் நிற்பேன் என்று கணக்குப் போட்டேன். என்ஜின் நன்றாகவே ஓடியது. அதுவும் எனக்குச் சந்தேகமாக இருந்தது.

நேரே கடைக்குப் போய் ஷட்டரைத் திறந்தேன். என் கைவசம் இருந்தது காயிலுக்குப் பூசுகிற வார்னிஷ் ஒன்றுதான். டேங்கில் கோடு விழுந்த இடத்தில் அதைப் பூசினேன். நீல டேங்கில் செங்கல் நிறத்தில் ஒரு பட்டை வந்தது. கோட்டை மட்டும் பார்க்க வேண்டியிருந்தவர்கள் இப்போது பட்டையையும் பார்க்கலாம். கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அவள் வாசலில் அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள். வண்டியைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சினாள். கடை மூடின ஞாயிற்றுக்கிழமையில் என் மேல் வார்னிஷ் நாற்றம்.

"மோரு குடிச்சியா?"

"குடிச்சேன்."

என் பேன்ட் குடித்தது. சொல்லி முடித்ததும் எனக்கு விக்கல் வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. பிள்ளையார் தொண்டையிலேயே கை வைத்துவிட்டார் என்று நினைத்தேன். டிப்போ, ரூட்டு, முனீஸ்வரன் எல்லாம் ஒரே விக்கலில் பறந்துபோயிற்று.

"உழுந்துட்டேன்," என்றேன்.

அவள் காயைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து என் இரண்டு கைகளையும் பிடித்து, விரல் விரலாக மடக்கிப் பார்த்தாள். பிறகுதான் பேசினாள்.

"எப்பிடி?"

"மலையில... ஒரு வளைவுல... நாப்பதுல வந்துக்கினு இருந்தேன்..." விக்கல்.

"எவ்ளோல?"

"இருவது." விக்கல்.

"காணிப்பாக்கத்துல இன்னா சொன்ன? நடந்தது நடந்தபடி."

விழுந்ததை ஒப்புக்கொள்வதில் எனக்கு ஒன்றும் கஷ்டமில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பாய்ந்து வந்து விழுந்தேன் என்றால் அதில் ஒரு கௌரவம் இருக்கிறது. மிச்சத்தைத்தான் வாயிலிருந்து எடுக்க முடியவில்லை.

"நின்னுக்கினு இருந்தேன்," என்றேன். "ஒரு ஆட்டுக்கு வழி உட்டேன்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள், வாசற்படியில் உட்கார்ந்து சிரித்தாள். இவ்வளவு சிரித்தவள் வண்டியை விட்டுவிடுவாள் என்று எனக்கு ஒரு நப்பாசை. மோர்க் கதையையும் சேர்த்துச் சொன்னேன். அதற்கும் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, செல்போனை எடுத்து, அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

என் விக்கல் இரண்டு சொம்புத் தண்ணீர் குடித்த பிறகு நின்றது. வியாழக்கிழமை காலையில் பலமனேரிலிருந்து மச்சான் பஸ்ஸில் வந்தார். சாவியும் ஆர்.சி. புத்தகமும் கொடுத்தேன். டிபன் சாப்பிட்டுவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.