எலுமிச்சை ஊறுகாய்க்கு ஓர் எவர்சில்வர் டிரம்

அந்த டிரம்மில் எலுமிச்சை ஊறுகாய் போடப்போகிறோம் என்பதை அன்று கடைக்காரரிடம் நான் சொல்லவில்லை. சொன்னால் இன்னும் விலை கூடிய ஒன்றைத் தலையில் கட்டிவிடுவார் என்று நினைத்தேன்.

கரிவலம்வந்தநல்லூரில் இருக்கும் என் அக்காவுக்குத் தென்காசி ஹோட்டல் ஒன்றிலிருந்து முதல் ஆர்டர் வந்திருந்தது. ஒரு மாதத்தில் நாற்பது கிலோ. பிடித்துப்போனால் மாதாமாதம் எடுப்பார்களாம். பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம் என்றாள். தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, அங்கிருந்து காலை 9.40 டவுன் பஸ்ஸில் கிளம்பினேன் (பெண்களுக்குக் கட்டணம் இல்லை). பன்னிரண்டு கிலோமீட்டர், 10.15க்குச் சங்கரன்கோவில்.

படித்துவிட்டுத்தான் போனேன். 304 என்ற எவர்சில்வர் ரகத்தில் இரும்போடு பதினெட்டு சதவீதம் குரோமியம், எட்டு சதவீதம் நிக்கல். மலிவான 202இல் நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டியிருப்பார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

தேரடிப் பக்கம் ஒரு பாத்திரக் கடை. ஐம்பது லிட்டர் டிரம், 304, கிலோ 450 ரூபாய் என்றார் கடைக்காரர். பையிலிருந்து காந்தத்தை எடுத்தேன்.

"ஏயம்மா, மாப்ள வீட்டுக்காரவகூட இவ்வளவு சோதிக்க மாட்டாவ!"

விளிம்பில் காந்தம் லேசாக ஒட்டியது.

"304ல காந்தம் ஒட்டாதுல்லா அண்ணாச்சி?"

"மடக்கி அடிச்ச எடத்துல லேசாப் புடிக்கத்தாம்மா செய்யும். 202லயும் ஒட்டாது, அது தெரியுமா ஒங்களுக்கு?"

தெரியாது. ஆனாலும் நம்பவில்லை. அவர் சின்ன மருந்து பாட்டிலும் பேட்டரியும் எடுத்து வந்தார். டிரம்மில் ஒரு சொட்டு விட்டு அதில் பேட்டரியின் கம்பியை வைத்தார்; நிறம் மாறவில்லை. பாட்டிலில் வெறும் தண்ணீராக இருந்தால்? மலிவுத் தட்டு ஒன்றிலும் விடச் சொன்னேன். செக்கச்செவேல் என்று ஆனது. மாங்கனீசு.

"இப்பமாவது நம்புதியளா? சரி, இதுல என்ன வைக்கப் போறிய?"

"அரிசி."

"அரிசிக்கா? ராசா மாதிரி கெடக்கும்."

ஏழு கிலோ, 3,150 ரூபாய். திரும்ப ஆட்டோவுக்கு 350.

வாங்கப் போகிறவர்கள் காந்தத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, சொட்டு மருந்துச் சோதனையைக் கேளுங்கள். பாத்திரம் எதற்கு என்பதையும் மறைக்காதீர்கள். எவர்சில்வரைக் காப்பது குரோமியத்தால் மேலே உண்டாகும், கண்ணுக்குத் தெரியாத படலம். உப்பும் புளிப்பும் நாட்கணக்கில் தேங்கினால் அதையே துளைத்துவிடும். ஊறுகாய்க்கு, இரண்டு சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் சேர்ந்த 316 வேண்டும். இதைப் பிறகுதான் படித்தேன். அந்தக் கடையில் 316 இருந்ததா என்றுகூட எனக்குத் தெரியாது. சரக்கு அசலா என்பதிலேயே என் சந்தேகமெல்லாம் தீர்ந்துபோயிருந்தது.

ஊறுகாய் போட்ட இருபத்திரண்டாம் நாள் அள்ளிப் பார்த்தபோது, டிரம்மின் அடியில் குண்டூசி முனை அளவுக்குக் குழிகளும் பழுப்புக் கறையும் இருந்தன. அக்கா நாற்பது கிலோவையும் குழி வெட்டிக் கொட்டினாள். ஹோட்டல்காரர்கள் வேறு ஆளிடம் வாங்கிக்கொண்டார்கள்.