வராத வெள்ளம்

அந்த மலையடி ஊரில் அவளைக் குச்சியக்கா என்றால்தான் தெரியும். மலைமேல் கிடந்த பனியாற்றில் நீராவியால் துளை போட்டு நீளக் குச்சிகளை இறக்கிவிட்டு வருவாள். அடுத்த ஆண்டு போய், பனி உருகி எவ்வளவு குச்சி வெளியே தெரிகிறது என்று அளப்பாள். ஆய்வு நிலையத்தில் அவளுக்குப் பெரிய பட்டமெல்லாம் உண்டு. ஊருக்கு அதைப் பற்றி என்ன கவலை? "என்ன குச்சியக்கா, உங்க நோயாளி எப்படி இருக்கு?" என்பார்கள். "இளைச்சுக்கிட்டே போகுது" என்பாள் அவள். சிரித்துவிட்டுப் போவார்கள்.

பனி பின்வாங்கிய பள்ளத்தில் தண்ணீர் தேங்கத் தொடங்கியது. முதலில் குட்டை, இரண்டு கோடை கழிந்ததும் ஏரி. மூன்று பக்கம் பாறை, நாலாவது பக்கம் மிச்சமிருந்த பனிச்சுவர். அந்தச் சுவருக்கு அடியில் தண்ணீர் புகுந்து குடைவதை அவள் பார்த்தாள். சுவர் விட்டுக்கொடுத்தால் ஏரி மொத்தமும் ஆற்றில் இறங்கும். கரையோரத் தெருவில் ஒரு வீடுகூட மிஞ்சாது. நிலைய இயக்குநரிடம் ஓடினாள். தெருவைக் காலி செய்ய உத்தரவு வந்தது.

அந்தத் தெருவில்தான் அவள் தம்பியின் ரொட்டிக்கடை இருந்தது. தாய் போன பிறகு அவள் இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி.

"அக்கா, வெளியூர்க்காரங்க இப்பதான் வர ஆரம்பிக்கிறாங்க. இப்ப அடுப்பை அணைச்சா நான் எழுந்திருக்கவே மாட்டேன்."

"உயிர் இருந்தா நூறு கடை வைக்கலாம்டா."

"உனக்கு நிச்சயமாத் தெரியுமா?"

"தெரியும்" என்றாள். வரக்கூடும் என்பதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அப்படிச் சொன்னால் அவன் நகரமாட்டான்.

தெருவே மூட்டை முடிச்சோடு ஒரு கிடங்கில் போய் அடைந்தது. கோடை முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தார்கள். ஒரு சத்தமும் வரவில்லை. கோடை முடிகிற நேரத்தில் ஆறு கொஞ்சம் கலங்கி ஓடியது, அவ்வளவுதான். அவள் மேலே ஏறிப் பார்த்தபோது ஏரியைக் காணோம். பனிக்கு அடியில் எங்கோ ஓட்டை கண்டுபிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக, யாருக்கும் தெரியாமல் தண்ணீர் வடிந்துபோயிருந்தது. சேற்றில் பனிக்கட்டிகள் செத்த மாடுகள்போலச் சாய்ந்து கிடந்தன.

நிம்மதிப் பெருமூச்சு வரவேண்டிய இடம். "சனியனே, உடைஞ்சு தொலைஞ்சிருக்கக் கூடாதா?" என்றுதான் வாயில் வந்தது. சொன்ன பிறகே தான் என்ன கேட்டோம் என்பது உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஊர் சும்மா இருக்குமா? அவள் வீட்டுக் கதவில் காகிதக் கப்பல்களைக் கோத்துத் தொங்கவிட்டார்கள். கடைக்குப் போனால், "நீச்சல் தெரியாதவங்க ஒதுங்குங்கப்பா, அக்கா வர்றாங்க" என்று வழிவிட்டார்கள். இயக்குநர் தலையைத் தூக்காமலே சொன்னார்: "உத்தரவுல இருக்கறது என் கையெழுத்து. இனிமே நீங்க குச்சியை மட்டும் பாருங்க."

தம்பியின் அடுப்பு மறுபடி எரியவில்லை. அடுத்த பருவத்தில் நிலையத்துக்குச் சுமை தூக்க ஆள் எடுத்தார்கள். வரிசையில் கடைசி ஆளாக அவன் நின்றான். அவள் பதறிப்போய் அருகில் வந்தாள்.

"எந்த மூட்டை மேடம்?" என்றான் அவன்.

அந்தப் பருவம் முழுக்க மேடம்தான். அவளுடைய குச்சிகளை முதுகில் கட்டிக்கொண்டு, அவள் மிதித்த தடத்தில் கால் வைத்து, ஒரு சொல் மிகையாகப் பேசாமல் ஏறினான். மற்ற சுமைக்காரர்கள் இதைப் பார்த்து வாய்க்குள் சிரித்தார்கள். ஒருநாள் அவள் எப்போதும் போகிற வழியிலேயே கூட்டிப்போனாள். அவள் தாண்டிய இடம்தான், அவன் பாரத்தோடு மிதித்ததும் பொத்துக்கொண்டது. கீழே பனிவெடிப்பு. இருவரையும் பிணைத்திருந்த இடுப்புக் கயிறு அவளைக் குப்புறத் தள்ளி இழுத்தது. கோடாலியைப் பனியில் குத்திப் பிடித்துக்கொண்டாள். உள்ளே அவன் கால் இரண்டு சுவருக்கும் நடுவில், உருகின தண்ணீரில் நசுங்கிக் கிடந்தது.

"தம்பி, பேசுடா! கண்ணை மூடிடாதே!"

"கால் இருக்கறதே தெரியல மேடம்" என்று மட்டும் குரல் வந்தது.

பின்னால் வந்தவர்கள் அவனை மேலே எடுத்தார்கள். மருத்துவமனையில் முழங்காலுக்குக் கீழே காலை எடுத்தார்கள்.

நடைக்கூடத்துப் பெஞ்சில் தம்பி மனைவி உட்கார்ந்திருந்தாள். அழவில்லை.

"அண்ணி, வெள்ளம் வந்திருந்தா எல்லாரும் ஒரேயடியாப் போயிருப்போம். நீங்க எங்களைத் தவணை முறையில கொல்றீங்க."

"என் வீட்டுக்கு வந்துடுங்கம்மா. அவனை நான் பாத்துக்கறேன்."

"உங்க வீட்டுக்கா? அங்க கூரை எப்ப இடியும்னு சொல்லுங்க, வர்றோம்."



பனியாறு சாகப்போகிறது என்ற செய்தி வெளியூர்களுக்குப் பரவியதும், சாவதற்குள் பார்த்துவிட வேண்டுமென்று கூட்டம் கூட்டமாக வந்தார்கள். மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் தம்பி ஒரு தேநீர்க் கொட்டகை போட்டான். ஒற்றைக் காலும் ஊன்றுகோலுமாக அவன் சொல்கிற குச்சியக்கா கதைக்காகவே வண்டிகள் நின்றன. காகிதக் கப்பல் இடம் வந்தால் சிரிப்பு கொட்டகைக்கு வெளியே கேட்கும்.

அவள் தினமும் அந்த வழியாகத்தான் ஏறவேண்டும். ஒருநாள் மழை பிடித்துக்கொண்டதால் உள்ளே ஒதுங்கினாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். யாரோ ஒருத்திக்குக் கொடுப்பதுபோல ஒரு கோப்பையை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்ந்தான். நன்றாகத்தான் சொன்னான். அவளுக்கே ஓரிடத்தில் சிரிப்பு வந்துவிட்டது.

கதை முடிந்ததும் முன்வரிசையில் இருந்த பெண் கேட்டாள்: "பாவம், அந்த அக்கா இப்ப எங்க இருக்காங்க?"

"அவங்களா? செத்துப் போயிட்டாங்கம்மா" என்றான் தம்பி. ஒரு கணம் எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள்.

அவள் தேநீரை மிச்சம் வைக்காமல் குடித்தாள். மழை விடவில்லை. குச்சிக் கட்டைத் தோளில் ஏற்றிக்கொண்டு வெளியே இறங்கி நடந்தாள்.