ஒரு ஜோடிப் பச்சை மூங்கில்

சென்ற வாரம் செண்பகத்தோப்புச் சாலையில் காலை நடைக்குச் சென்றிருந்தபோது, நீண்ட மூங்கில் பலகையொன்றின்மேல் நின்றபடி ஓர் இளைஞன் சரிவில் இறங்கி வந்தான். பலகைக்கு அடியில் நான்கு சக்கரங்கள். என்னைக் கண்டதும் நிறுத்தி வழிவிட்டான், வளர்ப்பு நல்லது. விசாரித்தேன். அதற்கு லாங்போர்டு என்று பெயராம். மூங்கிலைக் கீறி, ஒட்டி, வீட்டிலேயே செய்தானாம். இந்தப் பக்கத்தில் மூங்கிலில் பலகை செய்த முதல் ஆள் தானே என்றும் சொன்னான். நான் மறுக்கவில்லை. நடுச்சாலையில் நின்று ஒருவரைத் திருத்துவது எனக்கு வழக்கமில்லை. எழுத்தில் திருத்துவதே முறை. ஆகவே எழுதுகிறேன். ராஜபாளையத்தில், பஞ்சாலைச் சங்கு கேட்கும் ஒரு தெருவில், பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்ட ஒரு சிறுமி அவன் பிறப்பதற்கு வெகு காலம் முன்பே அத்தகைய பலகையைச் செய்து முடித்தாள். அச்சிறுமி நான்.

அக்காலத்தில் பஞ்சாலைகள் கழித்துப் போட்ட பேரிங்குகள் எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் கைகளில் கோலிக்குண்டுகளைப் போலப் புழங்கின. ஒரு பலகை, அதன் அடியில் இரண்டு குறுக்குக் கட்டைகள், கட்டைகளின் முனைகளில் பேரிங்குகள்; அதுதான் வண்டி. அந்த ஆண்டு, விடுமுறையோ திருவிழாவோ இல்லாத ஒரு சமயத்தில், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அத்தை தம் மகனோடு வந்து எங்கள் வீட்டில் தங்கினார். மற்ற உறவினரும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தனர். ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்ற பெரியப்பா, முன்னறைக் கட்டிலில் பல வாரங்களாகப் படுத்திருந்தார். அவருக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. காரணமின்றி வீடு நிறைந்ததை நான் எனக்கு வாய்த்த அதிர்ஷ்டமாகக் கருதினேன்.

அத்தை மகன் மாம்பலகையில் செய்த வண்டியொன்றைக் கொண்டுவந்திருந்தான். அதில் ஏறிச் சென்றால் பற்கள் கிடுகிடுக்கும். மூங்கிலாக இருந்தால் வளைந்துகொடுக்கும், அதிர்வு மேலே ஏறாது என்பது என் கணக்கு. உடைந்த ஏணியொன்றிலிருந்து மூங்கிலை உருவிக் கீறி, அடுக்கிக் கட்டினேன். அவன் அதன்மேல் ஏறி ஒரு குதி குதித்தான். பலகை நடுவில் பிளந்தது.

“ஏட்டி, இது வண்டியில்ல, வெறகு. அடுப்படில கொண்டு போடு, வெந்நி வைக்க ஆகும்” என்றான். போகிற போக்கில் ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டான். “காஞ்ச மூங்கில் ஒடியத்தான் செய்யும். வளையணும்னா பச்சை மூங்கில் வேணும். ஒனக்கு யாரு தருவா?”

அவன் வண்டியைவிட நல்ல வண்டி செய்யும்வரை அவனோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதில்லை என்று முடிவு செய்தேன். என் முடிவுகள் அன்றும் இன்றும் எளிதில் மாறுவதில்லை.

மறுநாள் காலை, தெரு முனையிலிருந்த மூங்கில் கடைக்குச் சென்றேன்.

“ரெண்டு பச்சை மூங்கில் வேணும். நல்லா நேரா இருக்கணும். வீட்டுக்கு அனுப்பிருங்க.”

கடைக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

“வீட்ல ஆம்பளைக யாரும் வரலியா, தாயி?”

“அப்பா, பெரியப்பா பக்கத்துல உக்காந்திருக்காக. எல்லாருக்கும் சோலி. அதான் நான் வந்தேன்.”

“சரி தாயி. நீ வீட்டுக்குப் போ. நான் பாத்துக்கிடுதேன்.”

விலை பேசவில்லை, மறு கேள்வி கேட்கவில்லை. எங்கள் குடும்பத்துக்கு ஊரில் இருந்த மதிப்பு அத்தகையது என்று எண்ணியபடி நிமிர்ந்து நடந்தேன். சற்று நேரத்தில் கைவண்டி வாசலுக்கு வந்தது. நான் கேட்ட மூங்கில்களோடு, கேளாமலே ஒரு கட்டுக் கயிறும் இரண்டு பச்சைத் தென்னங்கீற்றுகளும் இருந்தன. கயிறு பயன்படும், கீற்று எதற்கு என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அம்மா வாசலுக்கு வந்தார். வந்தவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

நோயாளி இருக்கும் வீட்டு வாசலில் ஒரு ஜோடிப் பச்சை மூங்கிலும் தென்னங்கீற்றும் இறங்கினால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே பொருள்தான்: பாடை கட்டப் போகிறார்கள். இது எனக்கு மட்டும்தான் தெரியாது. தெருவுக்குத் தெரியும். கைவண்டி வந்த வழியெல்லாம் செய்தியும் வந்துவிட்டது. எதிர்வீட்டு அம்மாள் தெலுங்கில் அழுதுகொண்டே உள்ளே நுழைந்து, கட்டிலில் பெரியப்பா கண் விழித்துப் பார்ப்பதைக் கண்டு, தமிழில் நிறுத்தினார். பெரியப்பாவோடு ராணுவத்தில் இருந்த ஒருவர் ரோஜா மாலையோடு வந்தார். அதை என்ன செய்வதென்று தெரியாமல் சுற்றிப் பார்த்து, கடைசியில் எங்கள் பசுவின் கழுத்தில் போட்டுவிட்டுப் போனார். அப்பா வாசலில் கைகூப்பி நின்று, “அண்ணன் நல்லாத்தான் இருக்காக, நல்லாத்தான் இருக்காக” என்று வந்தவர் அனைவரிடமும் சொன்னார். ஊரார் முன் அவர் அப்படித் தலை குனிந்து நின்றதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

“எல்லாம் இவ பண்ணுன கூத்து” என்றார் அத்தை, என்னைக் காட்டி.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. கைவண்டிக்காரரிடம், “இதைக் கண்ணுல படாத எடத்துல கொண்டுபோய்க் கொளுத்திரு” என்றார். நான் மூங்கில்களின்மேல் ஏறி அமர்ந்துகொண்டேன். இது என் மூங்கில், பலகை செய்வதற்காக வாங்கியது, தரமாட்டேன் என்றேன். அத்தை கையைப் பிடித்து இழுத்தார். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

முன்னறைச் சன்னலிலிருந்து குரல் வந்தது. “எவன்லே செத்தது? வெளிய எதுக்கு இம்புட்டுக் கூட்டம்?”

அத்தை என் கையை விட்டார். மீண்டும் அதே குரல்: “அந்தப் பிள்ளைய உள்ள அனுப்பு.”

கட்டிலருகே போய் நின்றேன். எதற்கு மூங்கில் என்று கேட்டார். சொன்னேன். ஏணி மூங்கில் பிளந்ததையும் அத்தை மகன் சொன்னதையும் சேர்த்தே சொன்னேன்.

“எம்புட்டு எடை தாங்கும்?”

“உங்களையும் தாங்கும்.”

பெரியப்பா தலையணையில் சற்று நிமிர்ந்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, “ஏலே தம்பி, ஒண்ணையும் கொளுத்தாதே. பிள்ளை செஞ்சு முடிக்கட்டும். மொத சவாரி எனக்கு” என்றார். சுபேதாரின் உத்தரவை எங்கள் வீட்டில் மீறியவர் கிடையாது.

பலகையை வீட்டுக்குள் செய்ய அம்மா அனுமதிக்கவில்லை. மாட்டுக்கொட்டகையில் செய்தேன். மூங்கிலை அரிவாளால் கீறி, கணுக்களைச் செதுக்கி, உடைந்த கண்ணாடித் துண்டால் மழித்தேன். விரல்களில் சிலாம்பு ஏறாத இடமில்லை. பட்டைகளை நெருப்பில் வாட்டினால் வளைந்தன. ஆறியபின் அதே வளைவில் நின்றன. தச்சர்கள் மரம் ஒட்டப் பயன்படுத்தும் வஜ்ஜிரப் பசையைத் தகர டப்பாவில் காய்ச்சி, பட்டைகளை நெடுக்காக இரண்டு அடுக்கு ஒட்டி, மேலே பருத்திவிதை மூட்டைகளை ஏற்றினேன். முதல் முறை இடைவெளி விட்டது. பிரித்துவிட்டு மீண்டும் ஒட்டினேன். வஜ்ஜிர நாற்றத்தில் பசுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டது. இரண்டாம் முறையும் ஓரத்தில் வாய் பிளந்தது. கடைக்காரர் தந்த கயிற்றால் இறுக்கிச் சுற்றினேன். அதன்பிறகு அத்தை மகன் தானாகவே வந்து விறகு தள்ளினான்.

“ஒட்டாதுட்டி” என்றான்.

“நீ தீயைப் பாரு.”

ஒட்டியது. அடியில் குறுக்குக் கட்டைகளும் பேரிங்குகளும் பொருத்தினேன். அவன் ஏறி நின்று அதே குதியைக் குதித்தான். பலகை அவனை ஏந்தி, தணிந்து, மீண்டும் எழுந்தது. அன்று இரவு ஒரே பந்தியில் உண்டோம்.

மறுநாள் அப்பாவும் அத்தை மகனும் பெரியப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து, முற்றத்தில் பலகைமேல் இறக்கினார்கள். அவர் முதலில் அதன்மேல் நீட்டிப் படுத்துப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே கால்கள் வெளியே கிடந்தன.

“பத்தலியேட்டி.”

“இது உங்க அளவுக்குச் செய்யல பெரியப்பா. என் அளவுக்குச் செஞ்சது.”

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, வெகுநேரம் நிற்கவில்லை. அம்மா உள்ளே போய்விட்டார். பலகையைக் குறை சொன்னதில் அம்மாவுக்கும் வருத்தம்போலும் என்று நினைத்தேன்.

பிறகு அவரை உட்கார்த்தி, நான் பின்னாலிருந்து முதுகைத் தாங்க, அப்பா பலகையில் கட்டிய கயிற்றைப் பிடித்து இழுத்தார். தார்ச்சாலையில் பேரிங்குகள் எழுப்பிய ஓசைக்குத் தெருவே வெளியே வந்தது. மாலை கொண்டுவந்தவரும் அழுதவர்களும் வாசல்களில் நின்றார்கள். பெரியப்பா ஒவ்வொரு வாசலுக்கும் ஒரு சல்யூட் வைத்தார். திரும்பலாமா என்று அப்பா கேட்டதற்கு, “மூங்கில் கடைக்கு விடு” என்றார்.

கடைக்காரர் ஓடி வந்து கைகட்டி நின்றார். “அய்யா மன்னிக்கணும். பிள்ளை வந்து கேட்டுச்சு. நான் வேற மாதிரி…”

“கொறை சொல்ல வரல. நல்ல மூங்கிலாத்தான் குடுத்திருக்கீரு.”

சாய்த்து வைத்திருந்த மூங்கில்களின் அருகே தம்மைக் கொண்டுபோகச் சொன்னார். ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, நெடிய இரண்டைத் தேர்ந்தெடுத்தார்.

“இந்த ரெண்டும் எனக்கு. வேற யாருக்கும் குடுத்துராதீரும். தம்பி வந்து வாங்கிக்கிடுவான்.” பிறகு அப்பாவிடம், “கேட்டியால்லே?” என்றார்.

“சரிண்ணே” என்றார் அப்பா. அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. என் பலகை அவருக்கு நீளம் போதவில்லை. தம் உயரத்துக்கு ஒன்று செய்யச் சொல்லப் போகிறார். அதை நான்தான் செய்யவேண்டியிருக்கும். அன்று மாலையே அத்தை மகனிடமிருந்து நான்கு பேரிங்குகளைக் கேட்டு வாங்கி, மண்ணெண்ணெயில் கழுவி, எண்ணெய் தடவி, ஒரு துணியில் முடிந்து, பெரியப்பாவுக்கு என்று தனியே எடுத்து வைத்தேன்.