தலை ஆடாமல் மூன்றாவது பெட்டி

துறைமுகத்துக் கிரேன்காரர்களிலேயே அவளுக்கு மட்டும்தான் பட்டப்பெயர் நிலைத்தது: பொம்மையக்கா. இருபத்திரண்டு வருடம் உச்சாணியில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கீழே தொங்கும் சரக்குப் பெட்டியைப் பார்த்தபடி தலையாட்டிப் பொம்மைபோலத் தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே இருப்பாள். ஆட்டினால் கிட்டத்தில் இருப்பது அதிகம் நகரும், எட்டத்தில் இருப்பது கொஞ்சமாக நகரும். அதை வைத்தே பெட்டிக்கும் தரைக்கும் எத்தனை முழம் என்று சொல்லிவிடுவாள். பார்க்கிறவர்களுக்கு ஆமாம் சாமி போடுவதுபோலத் தெரியும். உண்மையில் அவளை ஆமாம் போட வைக்கிற மேலதிகாரி இன்னும் பிறக்கவில்லை.

நிர்வாகம் கூண்டுகளை மூடியது. இனி மேலே கிரேனில் கேமரா; கீழே ஓர் அறை, பெரிய திரை, கண்ணில் மாட்ட முப்பரிமாணக் கண்ணாடி. முதல் தேர்வில் பொம்மையக்கா வழக்கம்போலத் தலையை ஆட்டினாள். திரையில் பெட்டியும் கூடவே அசைவதுபோலத் தெரிந்தது. காற்று தள்ளுகிறது என்று நினைத்து அவள் நெம்புகோலை எதிர்ப்பக்கம் இழுக்க, சும்மா தொங்கிய பெட்டி நிஜமாகவே ஊஞ்சலாடியது. இரண்டாம் தேர்விலும் அதே கதைதான். பயிற்சியாளர் பொத்தானை அமுக்கி நிறுத்தினார்.

“இன்னும் ஒரு சான்ஸ்தான்க்கா. அதுலயும் இப்படின்னா கேட்ல லாரிக்குச் சீட்டு எழுதத்தான் போகணும். தலையை ஆட்டாதீங்க.”

“என் தலை சரியாத்தான் இருக்கு சார். உங்க படத்துலதான் கோளாறு.”

வாய்தான் அப்படிச் சொன்னது. சீட்டு எழுதுவதை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது. வீட்டில் டிவி முன்னால் அசையாமல் உட்கார்ந்து பழகினாள். கணவர் பின்னால் நின்று அவள் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இப்பத்தான் உன் தலை என் கையில நிக்குது” என்று அவருக்கு ஒரே சிரிப்பு. தலை நின்றது, ஆனால் தூரம் பிடிபடவில்லை.

அப்போது வெளியூரில் வேலை பார்க்கும் மகள் வீடியோவில் அழைத்துப் புது அறையைக் காட்டினாள். கதவுக்குப் பின்னால் என்ன என்று பார்க்க பொம்மையக்கா கழுத்தை நீட்டினாள்.

“அம்மா, நீ எட்டிப் பாத்தா தெரியுமா? நான்தானே போனை நகத்தணும்!”

மகள் போனை ஒரு சாண் நகர்த்தினாள். கதவு முன்னால் வந்தது, அலமாரி பின்னால் போனது. பொம்மையக்கா கணவரின் கைகளைத் தட்டிவிட்டு எழுந்தாள்.

மூன்றாம் தேர்வில் அவள் தலை சிலைபோல நின்றது. கேமரா இருந்தது கிரேன் உச்சியில் ஓடும், பெட்டி தொங்கும் வண்டியின் அடியில். பெட்டி உயரத்தில் இருக்கும்போதே அந்த வண்டியை மெதுவாக ஒரு முழம் முன்னே, ஒரு முழம் பின்னே நகர்த்தினாள்.

“ஏன்க்கா வண்டியை ஆட்டுறீங்க?”

“நான் ஆடக் கூடாதுன்னீங்க. அதான் கேமராவை ஆட விடுறேன்.”

திரைக்குள் தரை கீழே இறங்கி நின்றது, பெட்டி மேலே தனியாக நின்றது. இடையில் இருந்த தூரம் பழையபடி அவள் கண்ணுக்கு வந்துவிட்டது. பெட்டியின் ஆட்டத்தை அடக்கி, கீழே நின்ற லாரியின் மேல் நேராக இறக்கினாள். நான்கு மூலைப் பூட்டுகளும் ஒரே நேரத்தில் விழுந்தன.

பயிற்சியாளர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இதை மத்தவங்களுக்கும் சொல்லித் தருவீங்களா?” என்றார்.

“தர்றேன் சார். கேட்ல சீட்டு எழுத வேற ஆளைப் பாருங்க.”

சொல்லும்போது அவள் தலை தாராளமாக ஆடியது.