எட்டால் பெருக்கிய கல்யாணம்

போன வாரம் சித்தூரில் என் அக்கா மகள் ஜெனிபருக்குக் கல்யாணம். நல்லபடியாக முடிந்தது. இந்த ‘நல்லபடியாக’வை இப்போது சாய்ந்து உட்கார்ந்து, காபியோடு டைப் செய்கிறேன். அன்று காலை நீங்கள் என்னைப் பார்த்திருக்க வேண்டும்... முகத்தில் ஈயாடவில்லை.

பெண்ணின் அப்பா, அதாவது என் அக்கா வீட்டுக்காரர் தேவராஜ், கல்யாணத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். திருப்பதியில், அலிபிரி போகிற ரோட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். அது நன்றாகவே நடந்தது. ஆனால் டாக்டர், “கட்டிலில் சாய்ந்து உட்காரலாம். இறங்கக் கூடாது” என்று சொல்லிவிட்டார். சித்தூர் பயணமா? பேச்சே இல்லை.

அப்பா வராவிட்டால் கல்யாணம் நடக்காதா என்று கேட்பீர்கள். நடக்கும். ஆனால் எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. ஆராதனை நடுவில் ஐயர் — பாஸ்டரை நாங்கள் இன்னும் ஐயர் என்றுதான் கூப்பிடுகிறோம் — சத்தமாக ஒரு கேள்வி கேட்பார்: “இந்தப் பெண்ணைக் கொடுக்கிறவர் யார்?” பெண்ணின் அப்பா “நான்” என்று சொல்ல வேண்டும். ஒரே வார்த்தை. தேவராஜுக்கு ஜெனிபர் ஒரே பெண். அந்த வார்த்தையைச் சொல்ல மனுஷன் எவ்வளவு ஆசையாக இருந்தார் என்று எங்களுக்குத்தான் தெரியும்.

ஜெனிபர் அப்பாவுக்கு மேல் பிடிவாதம். “நைனா பார்க்கணும், நைனாதான் பதில் சொல்லணும். இல்லன்னா தேதிய மாத்துங்க!” என்று சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை வீடு சத்தியவேடு. வேன் பேசி, பிரியாணிக்குச் சொல்லி, சொந்தக்காரர்கள் எல்லாம் லீவு போட்டாயிற்று. தேதியை மாற்றுவது லேசா?

கடைசியில் வீடியோ கால் என்று முடிவானது. சர்ச்சில் பெரிய திரை. ஆஸ்பத்திரியில் தேவராஜின் தம்பி லேப்டாப்போடு கட்டில் பக்கத்தில். வீடியோக்காரர் ரமணா ஒரே ஒரு கண்டிஷன் போட்டார். “ஐது எம்பிபிஎஸ் உண்டாலி சார். லேகபோத்தே ஆகிப்போத்துந்தி.” அதாவது, இங்கிருந்து படத்தை அனுப்புகிற நெட் வேகம் அஞ்சு எம்பிபிஎஸ் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் படம் நின்றுவிடும்.

கல்யாணத்தன்று சர்ச்சுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாக வைஃபையைப் பிடித்து, ஒரு பழைய வீடியோவை அனுப்பிப் பார்த்தேன். என் போனின் உச்சியில் பொடி எழுத்தில் வேகம் ஓடும். 1.1 என்றது. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். 1.1. ஆல்டர் பக்கம் போய்ப் பார்த்தேன், பின் வாசலில் நின்று பார்த்தேன்... அதே 1.1. போன் டேட்டா? அந்தக் காலத்து மிஷன் கட்டடம், அரண்மனை மாதிரி கருங்கல் சுவர். உள்ளே சிக்னல் ஒரு கோடு வந்தாலே அதிசயம்.

ஏணி மேல் நின்று ஸ்பீக்கர் ஒயரைக் கட்டிக்கொண்டிருந்தார் ரமணா. கீழேயிருந்து கத்தினேன். “ரமணா, ஒண்ணுதான் வருது. போதுமா?”

“ஒக்கட்டா? சாலது சார்!” பத்தாதாம். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அக்கா அங்கேயே சுவரில் சாய்ந்துவிட்டாள். “ஐயோ ஆண்டவரே... அவரு காலைலேயே சவரம் பண்ணிக்கினு, வெள்ளைச் சட்டை போட்டுக்கினு குந்திக்கினு கீறாருடா. நர்ஸம்மா ரோஜாப்பூ வேற குத்தி வுட்டுருக்காங்க. இப்ப இன்னான்னு சொல்றது?”

ஐயர் நல்ல மனிதர். “தாய்மாமன் இருக்கீங்களே, நீங்க ‘நான்’னு சொல்லலாம். தப்பே இல்ல” என்றார். தப்பு இல்லைதான். ஆனால் அங்கே ஒருவர் ரோஜாப்பூவோடு உட்கார்ந்திருக்கும்போது, அவர் வார்த்தையை நான் எப்படிச் சொல்வது?

“பொண்ணுகிட்ட மட்டும் மூச்சு வுட்டுடாதீங்க” என்றாள் அக்கா. நம் வீட்டுக் கல்யாணங்களில் இது எழுதாத சட்டம். மாப்பிள்ளை வேன் பஞ்சர் ஆகட்டும், பந்தலில் தீப்பிடிக்கட்டும் — பெண் காதுக்குப் போகக் கூடாது. ஆகவே ஐயர், அக்கா, நான் மூவரும் சிரித்த முகமாக நடமாட ஆரம்பித்தோம். என் சிரிப்பு பல் டாக்டரிடம் வாயைக் காட்டுகிற மாதிரி இருந்திருக்கும்.

அந்தச் சிரிப்போடுதான் பூச்செண்டைக் கொடுக்கப் பெண் அறைக்குப் போனேன்.

“இன்னா மாமா, மூஞ்சி அப்படி கீது?”

“ஒண்ணும் இல்லம்மா. அசிடிட்டி.”

“போனை ஏன் முதுகுக்குப் பின்னால ஒளிக்கிற?”

“நானா? சேச்சே...”

ஜெனிபர் எழுந்துவிட்டாள். முகம் வெளுத்துப்போயிற்று. “நைனாவுக்கு ஏதாவது ஆயிடுச்சா? உண்மையைச் சொல்லு மாமா!”

இதற்கு மேலும் மறைக்க முடியுமா? நாங்கள் மறைத்தது ஒரு சின்னப் பயம். அவள் நினைத்துக்கொண்டது எவ்வளவு பெரிய பயம்! போனை நீட்டிவிட்டேன். “நைனா ஜம்முனு இருக்காரும்மா. நெட்டுதான்... அஞ்சு வேணும், ஒண்ணுதான் வருது.”

வாங்கிப் பார்த்தாள். அப்புறம் தலைப்பூ ஆட ஆட ஒரு சிரிப்பு! “மாமா, ரமணா கேட்டது எம்பிபிஎஸ். அது பிட்டுக் கணக்கு. உன் போன் காட்டறது பைட்டுக் கணக்கு. எட்டால பெருக்கு!”

பெருக்கினேன். எட்டு புள்ளி எட்டு.

“அஞ்சுதானே கேட்டாரு?”

அப்பாடா! அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சந்தோஷத்தில்தான் எனக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது... ஜெனிபருக்குப் பெங்களூர் கம்பெனியில் வேலை. என்ன வேலை தெரியுமா? நெட்வொர்க் இன்ஜினியர்!

உங்களுக்கும் இந்த பிட்டு, பைட்டுக் குழப்பம் உண்டா? எங்கள் சபைப் பெண்கள் தினமும் சமைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை ஆண்டவருக்கென்று எடுத்து வைப்பார்கள். வீட்டில் ஆழாக்கால் அளந்து கொண்டுவருவார்கள். ஆராதனையில் மொத்தத்தைப் படிக் கணக்கில் வாசிப்பார்கள். எட்டு ஆழாக்கு ஒரு படி. அதேதான் இங்கேயும். பிட் என்பது ஆழாக்கு, பைட் என்பது படி. ரமணா கேட்டது அஞ்சு ஆழாக்கு. நான் ஒரு படிக்கு மேலேயே கையில் வைத்துக்கொண்டு, அரிசி பத்தவில்லை என்று அழுதுகொண்டிருந்திருக்கிறேன்! ரமணாவையும் குற்றம் சொல்ல முடியாது. நான்தான் ‘ஒண்ணு’ என்றேனே தவிர, ஒரு என்ன என்று சொல்லவே இல்லை.

போகிற போக்கில் ஒன்று. வீட்டுக்கு நூறு எம்பிபிஎஸ் என்று கனெக்‌ஷன் கொடுத்தார்கள், டவுன்லோட் பண்ணினால் பன்னிரண்டுதான் காட்டுகிறது என்று கொதிப்பவர்களே... எட்டால் வகுத்துப் பாருங்கள். சரியாகத்தான் வருகிறது. பிரஷர் மாத்திரை மிச்சம்.

சரி, சர்ச்சுக்கு வருகிறேன். திரையில் தேவராஜ் பளிச்சென்று வந்தார். ரோஜாப்பூவின் இதழ் வரைக்கும் தெரிந்தது. ஐயர் கேட்டார்: “இந்தப் பெண்ணைக் கொடுக்கிறவர் யார்?”

பதில் இல்லை. திரையில் தேவராஜ் அசையாமல் இருந்தார். அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். ரமணா கேமராவை விட்டுவிட்டு வைஃபை பெட்டியைப் பார்த்து ஓடினார். போச்சு, நின்றுவிட்டது! எட்டாவது, பெருக்கலாவது...

அப்போது அந்த ரோஜாப்பூ மெதுவாக ஏறி இறங்கியது. படம் நிற்கவில்லை. மனுஷன் அழுதுகொண்டிருந்தார்.

“நான்...” என்றார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “நான்தான் குடுக்கிறேன் ஐயரே. எம் பொண்ணு” என்றார். ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் எதையும் துடைக்கவில்லை, வழிய விட்டுவிட்டேன்.

சாயங்காலம் தேவராஜே போன் பண்ணினார். “இன்னா மச்சான், காலைல நெட்டு ஏதோ மேட்டராமே? பொண்ணு சொல்லிச்சு.”

“உங்களுக்கு எதுக்கு டென்ஷன்னுதான் மாமா...”

“எனக்குச் சொல்லாட்டி போ. நெட்டு வேலை பாக்குற பொண்ணுகிட்டயே நெட்டு விஷயத்தை மறைச்சிருக்கீங்களே! உங்களை நம்பி இடுப்பை உடைச்சிக்கினு படுத்துனுகீறேன் பாரு...” இடுப்பு வலிக்க வலிக்கச் சிரித்தார்.

இனி எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் எது கெட்டுப்போனாலும் முதல் தகவல் கல்யாணப் பெண்ணுக்குத்தான். யூனிட்டோடு!