ரோலரில் ஒட்டிய அம்மன்

சில வருடங்களுக்கு முன், ஆயுத பூசை முடிந்த வாரம், இலங்கை மலையகத்தில் டயகம பக்கத்துத் தேயிலை பெக்டரி ஒன்றில் நடந்தது இது. கொழுந்து உருட்டும் ரோலரின் மூடி எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது என்று அளந்து காட்டும் காந்த சென்சரை அங்கே பூட்டியவள் நான். உடனே வரச் சொல்லி போன் கோல் வந்தது.

மூடி அளவுக்கு மீறி அழுத்தி, கொழுந்து நசுங்கி வீணாகியிருந்தது. ரோலரை ஓட்டும் அக்காவின் கவனக்குறைவு என்று பெக்டரி அதிகாரி முடிவே கட்டிவிட்டார். சென்சரில் பிழை இருந்தால் மாலைக்குள் காட்டு, இல்லாவிட்டால் அவரை மாற்றிவிடுவேன் என்றார். அங்கே ரோலருக்கு வந்த முதல் பெண் அந்த அக்கா.

"மீட்டர் காட்டுன எடத்துலதான் நிப்பாட்டுனேன் தங்கச்சி. திரும்ப மலைக்குக் கொழுந்தெடுக்க அனுப்பிருவாங்க. முழங்கால் வலி தாங்காமத்தானே இங்க வந்தேன்."

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. சென்சரைக் கழற்றி மேசையில் வைத்தால் ஒழுங்காகக் காட்டுகிறது. ரோலரில் பூட்டினால் சில மில்லிமீட்டர் பிசகுகிறது. வயரை மாற்றினேன். சூட்டைச் சந்தேகித்தேன். இறுக்கமாக இருந்த ஸ்க்ரூவையெல்லாம் மறுபடி முறுக்கினேன். கொண்டுவந்து வைத்த தேநீர் ஆறிப்போனது. போதாக்குறைக்கு அதிகாரி வாசலில் வந்து வந்து எட்டிப் பார்த்தார், எனக்கு எரிச்சலாக வந்தது.

அந்தப் பதற்றத்தில் ஒரு நட்டு கைநழுவியது. தரையில் விழவில்லை. பூசைக்கு ரோலரில் போட்டு வாடிக்கிடந்த செவ்வந்தி மாலைக்குள் போய் ஒட்டிக்கொண்டது. மாலையை விலக்கினேன். சென்சருக்குப் பக்கத்திலேயே சின்னதாக ஒரு அம்மன் படம். அதன் பின்னால் நல்ல வலுவான காந்தம். சென்சர் பாவம், அம்மனையும் சேர்த்தல்லவா அளந்துகொண்டிருந்தது!

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. "நாந்தான் ஒட்டுனேன். மிசினுக்கு ஒன்னும் ஆகக்கூடாதுன்னு... எடுத்தா சாமி குத்தமாயிராதா?"

"எடுக்கல அக்கா, எடம் மாத்துறோம்."

இருவருமாக எதிர்ப்பக்க இரும்புத் தூணில் அம்மனை ஒட்டினோம். எண் சரியாக வந்து நின்றது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வெளிக்காந்தம் கிட்டே வந்தால் இந்தச் சென்சர் ஏமாறும், இரும்புக் கவசம் போட்டே பூட்டியிருக்க வேண்டும் என்று அதிகாரியிடம் சொன்னேன். அதில் பொய்யில்லை. படத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. அவர் என்னைத்தான் திட்டினார், அக்கா ரோலரிலேயே இருந்தார்.

மேசைமேல் சரியாக இருந்தால் போதாது, மனிதர்கள் பயந்தும் கும்பிட்டும் வேலை செய்யும் இடத்தில் சரியாக இருக்க வேண்டும் என்று புரிந்த நாள் அது. இன்றும் எந்த பெக்டரிக்குப் போனாலும், சென்சரைப் பையிலிருந்து எடுக்கும் முன், "இங்க சாமி எங்க இருக்கு?" என்றுதான் கேட்கிறேன்.