மூலையில்லா வீடு

கிளியனூருக்கு அப்பால், மல்லாட்டை எனப்படும் நிலக்கடலைக் கொல்லைகளின் நடுவே, எங்கள் பூட்டனார் ஒரு கலங்கரை விளக்கம் கட்டினார். புதுச்சேரியில் ஒன்றைக் கண்டு மயங்கி வந்தவர், அதுபோன்ற வீட்டில்தான் குடியிருப்பேன் என்று மூன்று அடுக்குகளை வட்டமாக எழுப்பி, உச்சியில் கண்ணாடிக் கூண்டும் அமைத்தார். அதில் ஏறி நின்றாலும் கடல் தெரியாது. பேருந்து நடத்துநர்கள் இன்றும் அந்நிறுத்தத்தை 'லைட் ஹவுஸ்' என்றே அழைக்கின்றனர்.

நான் பிறந்து வளர்ந்ததும், இன்று வசிப்பதும் அங்கேதான். எந்தக் கட்டிலும் சுவரோடு ஒட்டாது. பீரோவுக்குப் பின்னுள்ள இடைவெளியில் விழுந்த சீப்புகளை யாரும் மீட்டதில்லை. ஆயினும், வீட்டை விற்பதென்று முடிவானபோது, அவ்வட்டத்தைக் குலைக்காதவருக்கே விற்பது என்பதில் உறுதியாக இருந்தேன். விழுப்புரத்தில் இருக்கும் அண்ணனுக்கோ, விற்றால் போதும்.

சென்ற ஆண்டு திண்டிவனத்து அரிசி வணிகர் ஒருவர் வந்தார். இடிக்க மாட்டேன் என்று வாக்களித்தார். பூசைக்கு ஈசானிய மூலை இல்லையே என்பது மட்டுமே அவருடைய மனக்குறை. வடகிழக்கில் ஒரு மாடம் வைத்துக்கொள்ளலாமே என்றேன். வாஸ்து பார்ப்பவரைக் கேட்டுச் சொல்வதாகக் கூறிச் சென்றார்.

மகளின் பிரசவத்துக்காக வானூரில் சில வாரங்கள் தங்கித் திரும்பினேன். வடகிழக்குச் சுவரை உடைத்து, ஹாலோ பிளாக் கற்களால் ஒரு மூலையைக் கட்டி முடித்திருந்தார் அண்ணன். வட்டத்திலிருந்து அது முழங்கைபோல் நீட்டிக்கொண்டிருந்தது. ஈரச் சிமெண்டின்மேல் மஞ்சளும் குங்குமமும் வேறு. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று இரைந்தேன். பார்ட்டி கேட்டதைத்தானே செய்தேன் என்றார்.

வணிகரோடு வந்த வாஸ்துக்காரர் வீட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"வட்டமாவே வுட்டிருந்தா, மூலையே இல்லாத வூடுன்னு நானே ஒத்துக்கினு இருப்பேங்க. இப்ப ஒரு மூல கீது. அப்ப மீதி மூணும் கொறையுதுன்னுதானே கணக்கு?"

காரில் ஏறிச் சென்ற வணிகர் அதன்பின் தொலைபேசியைக்கூட எடுக்கவில்லை.

முதல் மழையிலேயே, வளைவும் மூலையும் சேருமிடத்தில் நீர் கசிந்தது. வந்து பார்த்த அண்ணனுக்கு வருத்தம் சிறிதும் இல்லை.

"இன்னா தம்பி, மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு கீற? மீதி மூணையும் ஜல்தியா கட்டிட்டா அந்தாளு திரும்பி வந்துடுவாரு."

என் பாகத்தில் இனி ஒரு கல்லும் பெயராது என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டு, பீரோவை அம்மூலைக்குத் தள்ளிப் பார்த்தார். முதன்முறையாக அது சுவரோடு ஒட்டி நின்றது. அதன் முதுகில் மழைநீர் வழியும் ஓசை எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.